சாய்தளத்தில் காயப்போட்ட காப்பி

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. முப்பத்தொன்பது வருடம் நான் வேலை பார்த்த ஏற்காட்டு விடுதியிலிருந்து, இப்போது ரிசப்ஷனில் இருக்கும் அகிலா பேசினாள்.

"அண்ணா, வர்ற வெள்ளிக்கெழம வீல்சேர்ல ஒரு கெஸ்ட் வர்றாங்க. நாங்க என்னென்ன பண்ணி வெக்கணும்?"

"அவங்களையே கேளு கண்ணு" என்றேன்.

"அது சரிங்கண்ணா. ஓனரய்யா பையன் எழுத்துல கேக்கறாரு. பாயிண்ட் போட்டு."

பாயிண்ட் போட்டு எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதிலிருந்து பாயிண்ட்டைப் பொறுக்கிக்கொள்வது அந்தப் பையனின் சாமர்த்தியம். எங்கள் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. நான்தான் ரிட்டையர் ஆகிவிட்டேனே.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் பெரியசாமி. பிறந்தது கொட்டச்சேடு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பத்தொன்பது வயதில் இந்த விடுதிக்கு ரூம் பாயாக வந்தேன். பெட்ஷீட் மடிக்க ஒரு வருடம், வெந்நீர் பாய்லரிடம் சூடு வாங்க ஒரு வருடம், விருந்தாளிகள் திட்டும்போது சிரித்த முகமாக நிற்க நாலு வருடம். அப்புறம் ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். படிப்பு அவ்வளவுதான்.

மேனேஜர் ஆரோக்கியசாமி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், கையில் குடை. மழை பெய்தாலும் குடை, பெய்யாவிட்டாலும் குடை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார், வாயில் பொய் வராது. மனிதருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். "ஏனுங்க பெரியசாமி" என்றால் எல்லாம் நலம். "ஏனுங்க, சித்த வந்துட்டுப் போறீங்களா" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "தாங்கள்" என்று ஆரம்பித்தாரானால் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விடுதி வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "அக்கட்ட போங்க" என்றுதான் விரட்டுவார். அது போகாது.

கால் முடியாத விருந்தாளிகள் விஷயத்தில் எங்கள் முதல் சாதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். ரிட்டையர் ஆனவர். சர்க்கரையால் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூட அவர் சம்சாரம். அவர் கட்டையை ஊன்றி இறங்கியதைப் பார்த்ததும் எங்களுக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம், ஏரியில் படகு சவாரி போக ஆசைப்பட்டுத்தான் வந்திருப்பார் என்று நாங்களே முடிவு செய்தோம். தோட்டக்கார முத்தான் பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரன், ரெண்டு மூட்டையை ஒரு தோளில் போடுகிறவன். அவன், நான், இன்னும் ரெண்டு பேர். பிரம்பு நாற்காலியில் மாஸ்டரை உட்கார வைத்து அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனோம்.

வழியெல்லாம் "இறக்குங்கடா! டேய், இறக்குங்கடா!" என்று கத்தினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தோம். படகில் வைத்த பிறகும் கத்தினார். சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்தோம். அவரைப் பிடித்துக்கொள்ள நாங்கள் நாலு பேரும் ஏறியதில் படகில் இடம் தீர்ந்துவிட்டது. அந்த அம்மா கரையில் பையை வைத்துக்கொண்டு நின்றது.

ஒரு சுற்று முடிந்து கரைக்கு வந்ததும் மாஸ்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். பழக்க தோஷம், நாங்களும் அட்டென்ஷனில் நின்றோம்.

"எனக்குத் தண்ணின்னா உசுரு நடுங்கும்டா. முப்பது வருசமா எம் பொண்டாட்டி போட்ல போகணும்னு கேட்டா. நேரமில்ல நேரமில்லன்னு சொல்லியே ஓட்டிட்டேன். அவ போறத கரையில உக்காந்து பாக்கணும்னு வந்தேன். அவளக் கரையில நிறுத்திட்டு என்னையக் கொண்டுபோய்ப் போட்ல போட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பஜ்ஜிக் கடைக்காரரெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தோம். மேனேஜர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். பிறகு, "தாங்கள் நால்வரும்" என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் விடுதிக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. என்னென்ன தேவை என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று, ஒரு திங்கட்கிழமை காலையில் தானே அதில் உட்கார்ந்து கீழ்த்தள அறைக்குள் போனார். கட்டில் உயரம், சுவிட்ச் உயரம், கண்ணாடி உயரம் எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தார். குளியலறைக் கதவில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எழுந்து வந்திருக்கலாம் அல்லவா? மாட்டார். விருந்தாளி எழ முடியாதே, அதனால் அவரும் எழக்கூடாதாம்.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலில் அவசரம் இல்லை. எனவே நாங்களும் அவசரப்படவில்லை. டீ குடித்து முடித்து, பால்காரர் கணக்கைப் பார்த்து முடித்து, முக்கால் மணி நேரம் கழித்து நான் போனபோது மனிதர் "தாங்கள்" வரைக்கும் வந்துவிட்டிருந்தார்.

அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவை அகலப்படுத்தினார். வாசல் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சாய்தளம் கட்டச் சொன்னார். கொத்தனார் முதலில் கட்டியது குழந்தைகள் விளையாடும் சறுக்குப் பலகை. மேனேஜர் அதில் உருண்டு பார்த்து, செம்பருத்திச் செடிக்குள் போய் நின்று, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார். இரண்டாவது தடவை நன்றாக அமைந்தது. நீளமாக, மெதுவாக இறங்கும், கிழக்கே பார்த்த சாய்தளம்.

கிழக்கே பார்த்த என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் வந்தது வினை.

ஏற்காட்டில் தை மாதம் காப்பிப் பழம் பறித்தவனுக்கு வெயில்தான் கடவுள். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள், தரையில் ஒரு சாண் வெயில் விழாது. கொட்டச்சேட்டில் எனக்குச் சொந்தமாக முப்பது நாற்பது செடி உண்டு. பறித்து வந்த பழத்தைக் காயப்போட இடமில்லாமல் வருடாவருடம் அல்லாடுவேன். இப்போது விடுதி வாசலில், சுத்தமான சிமெண்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் பளீரென்று வெயில், ஈரம் வழிந்தோடச் சரிவு வேறு. கட்டி எட்டு மாதமாக ஒரு சக்கர நாற்காலியும் வரவில்லை. சொல்லுங்கள், மலைக்காரன் எவனால் சும்மா இருக்க முடியும்?

முதலில் நான் ரெண்டு கூடை கொட்டினேன். ஒரு வாரத்தில் முத்தான் ஓரமாக மிளகு போட்டான். சமையல்காரர் நடுவில் வடகம் பிழிந்தார். மேனேஜர் பார்த்தார். தன் பென்சிலால் ஒரு காப்பிப் பழத்தைப் புரட்டிப் பார்த்து, "இன்னும் நாலு நாள் காயணுமுங்க" என்றார். பிறகு, "விருந்தாளி வந்தா எடுத்துருவீங்கல்ல?" என்றார்.

"கண்டிப்பாங்க சார்" என்றேன்.

அந்த நிலையில்தான் பூங்கொடி அம்மணி வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு வயது. குழந்தையிலேயே போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப் போனவர். ஈரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், கை அப்படியொரு பலம். அண்ணன் சண்முகம் அதே ஊரில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். தங்கையை அடிவாரம் வரை கூட்டி வந்து, அங்கே எங்கள் விடுதிக் காரில் ஏற்றிவிட்டு, அவர் கீழேயே நின்றுகொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று கேட்டதுமே அவருக்கு வாந்தி வரும்போல வாயில் உமிழ்நீர் ஊறிவிட்டதாம். அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மணிக்கு ஒரு தரம் போன் செய்வதாக ஏற்பாடு.

வந்த அன்று நான் சாய்தளத்தைக் கூட்டிக் கழுவி வைத்திருந்தேன். அம்மணி வண்டியைத் தானே உருட்டிக்கொண்டு ஏறி வந்தார். மேனேஜர் ஒரு வரவேற்புரை நிகழ்த்தினார். நான் வருகைப் பதிவேட்டை நிரப்பினேன். அதில் 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. கேட்கக்கூட இல்லை, என் கை தானாகவே 'வேண்டுதல்' என்று எழுதிவிட்டது. சேர்வராயன் கோயிலுக்கு வந்திருப்பார், வேறு எதற்கு வரப்போகிறார் என்று எண்ணம்.

அம்மணி அதை அடித்துவிட்டு 'சும்மா' என்று எழுதினார்.

மேனேஜர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "அம்மணி, சும்மான்னு எழுதறது முறையில்லீங்க. சுற்றுலான்னு போட்டுக்கலாமுங்களா?"

"சுற்றுலான்னா நாலு எடம் சுத்தணுமுங்க சார். நான் சுத்த வரலீங்க. ஒரே எடத்துல தனியா உக்கார வந்தனுங்க."

"தனியாவா?" என்று நானும் மேனேஜரும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஆமாங்க. பொறந்ததுல இருந்து நான் தனியா இருந்ததே இல்லீங்கண்ணா. எங்கூட்ல எல்லாரும் நொம்ப நல்லவங்க. அதான் கொடும. குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய ஒரு ஆளு 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேட்டுட்டே நிக்கும். வெளியூருன்னா கல்யாணம், இல்லீன்னா ஆசுபத்திரி. இந்த ரெண்டு நாளு வாங்கறதுக்கு எங்கண்ணங்கிட்ட ரெண்டு வருசம் சண்ட போட்டிருக்கேன். ஒரு கண்டிசன் போட்டுத்தான் உட்டாரு. ஒரு கீறல் பட்டாலும் இதுதான் கடைசி, இனி வாசப்படி தாண்டக்கூடாதுன்னு."

சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னார். குளியலறையில் ஒரு ஸ்டூல், வழுக்காத மிதியடி. கட்டிலுக்குப் பக்கத்தில் வண்டி நிற்க இடம். "அப்பறம், கூப்பிட்டா வாங்க. கூப்பிடலீன்னா வராதீங்க. அவ்வளவுதானுங்க."

முதல் மூன்றும் அரை மணியில் தயார். நாலாவதுதான் எங்களால் ஆகவில்லை.

மேனேஜர் அன்றைக்கே ஒரு நிகழ்ச்சி நிரல் எழுதி அம்மணியின் அறைக் கதவில் ஒட்டினார். காலை எட்டு சிற்றுண்டி, பத்து மணிக்கு வெளியே புறப்பாடு என்று அழகான கையெழுத்து. அம்மணி அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மாலை நாலு மணிக்கு, விடுதிக்குப் பக்கத்தில் தார்ரோடு முடியும் இடத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு முனைக்குத் தனியாகக் கிளம்பினார். இருநூறடி தூரம்தான், ரோடும் சமதளம்.

தனியாக விடலாமா? மனசு கேட்குமா? முத்தான் ஒரு சில்வர் ஓக் பின்னால் நின்றான். நான் டீக்கடைப் பலகைக்குப் பின்னால் குந்தினேன். சமையல்காரர் கரண்டியோடு இன்னொரு மரத்துக்குப் பின்னால். மேனேஜர் ரோட்டோரம் குடையை விரித்துத் தரையில் ஊன்றி அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். காற்று வீசியது. சமையல்காரர் தும்மினார். அம்மணி தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார்.

"மேனேஜர் சார், கொட தெரியுதுங்க."

குடை மெதுவாக மடங்கியது.

"மரத்துக்குப் பின்னால நிக்கற அண்ணா, உங்க தோளு ரெண்டு பக்கமும் நீட்டீட்டு இருக்குது. தாளிப்பு வாசம் வேற வருது. இன்னொருத்தர் டீக்கடையில இருப்பாரு, பெரியசாமியண்ணன். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

போகவில்லை. பத்தடி தள்ளி நின்றோம், அவ்வளவுதான். அம்மணி ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்களுக்கும் எங்கூட்டாளுங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்ன தப்பு செய்தோம் என்று அப்போது புரியவில்லை. நல்லதுதானே செய்தோம் என்று கோபம்கூட வந்தது.

அடுத்த நாள் காலை நல்ல வெயில். நிரல்படி அம்மணி வெளியே வருவது பத்து மணிக்கு. இப்போது மணி எட்டு. ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு வாரிவிடலாம் என்று மூன்று கூடை காப்பியைச் சாய்தளத்தில் கொட்டிப் பரப்பினேன். என்னைப் பார்த்து முத்தானும் ஓரமாக மிளகைப் போட்டான். அரைகுறையாகக் காய்ந்த பழம், உருண்டை உருண்டையாக இருக்கும்.

எட்டரை மணிக்கு, நாங்கள் யாரும் பார்க்கும் முன்னால் தனியாகப் போய்விட வேண்டும் என்று அம்மணி ஓசைப்படாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எதிர் வெயில், கண் கூசியிருக்கிறது. வண்டியை இறக்கினார்.

நான் ரிசப்ஷன் ஜன்னலிலிருந்து பார்த்தேன். முன் சக்கரம் காப்பியில் ஏறியது. பின் சக்கரத்தை அவர் கையால் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார், சக்கரம் நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. காப்பிப் பழத்தின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. நேராகப் போயிருந்தால் ரோடு. முத்தான் ஓரமாகப் போட்டிருந்த மிளகில் ஒரு சக்கரம் ஏறியதில் வண்டி திரும்பி, ரோஜாச் செடிகளுக்காகக் கொட்டி வைத்திருந்த எருக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. அம்மணி முன்னால் பறந்து எருவின் மேல் பொத்தென்று விழுந்தார்.

ஐயோ சாமி! நாலு பக்கமிருந்தும் ஓடினோம். முத்தான் தூக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று ஒரு அதட்டல். எருவுக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "கைய எடுங்க. மொதல்ல எனக்கு எங்க அடின்னு நானே பாத்துக்கறேன்."

கையைப் பார்த்தார், காலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. "சரி. வண்டிய நிமுத்தி எம்பக்கத்துல கொண்டாங்க. பிரேக் போடுங்க. போட்டாச்சா? ஆட்டிப் பாருங்க. பாத்ரூம் ஸ்டூல எடுத்துட்டு வாங்க. ஒருத்தர் மட்டும் வண்டியப் பின்னால புடிங்க. மத்தவங்க வேடிக்க பாக்கலாம்."

தரையிலிருந்து கையை ஊன்றி ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து வண்டிக்கு. அவசரமே இல்லை. நடுவில் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நிறுத்தினார். மேனேஜர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கையைத் தானே கைது செய்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அம்மணி, அந்தக் காப்பி என்னுதுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எருவுல உழுந்தது நானு. நீங்க ஏனுங்கண்ணா அழுவறீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் துப்பட்டாவில் ஒட்டியிருந்த ஒரு காப்பிப் பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகுதான் அவர் முகம் மாறியது. "மணி ஒம்பது ஆகப் போவுது. அண்ணன் போன் பண்ணுவாரு. சார், தயவு பண்ணிச் சொல்லீறாதீங்க. சொன்னா இத்தோட எல்லாம் முடிஞ்சுது."

"நான் பொய் சொன்னதில்லீங்க அம்மணி" என்றார் மேனேஜர். "ஆனா அவரு கேக்காதத நானாச் சொல்லணும்னு முறை இல்லீங்க. கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கங்க."

ஒன்பதுக்குப் போன் அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். சண்முகம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏனுங்க, எந்தங்கச்சி கீழ கீழ உழுந்து வெக்கலீங்களே?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "உழுந்தாங்க. அவங்களே எந்திரிச்சுட்டாங்க. முழங்கையில சிராய்ப்பு ஒண்ணு, அரை இஞ்சு. தப்பு எங்களுதுங்க, வழியில காப்பி காயப்போட்டுட்டோம். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்பவே வர்றேன். அவளப் பொட்டிய கட்டச் சொல்லுங்க."

அம்மணி வண்டியைத் திருப்பி அறைக்குள் போனார். உள்ளே துணி மடிக்கும் சத்தம் கேட்டது. நான் மூன்று கூடை காப்பியையும் முத்தானின் மிளகையும் வாரி, சாய்தளத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவி என்ன பிரயோஜனம்? என் முப்பது செடிக் காப்பிக்காக ஒரு மனுஷியின் ரெண்டு வருடச் சண்டை வீணாகப் போகிறது. அன்றைக்கு என்னை நானே திட்டியதுபோல் வேறு யாரும் என்னைத் திட்டியதில்லை.

சாதாரணமாக அடிவாரத்திலிருந்து வர முக்கால் மணி நேரம். சண்முகம் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆனது. வாடகைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, "ஒவ்வொரு வளவுலயும் நிறுத்தினமுங்க" என்றான். பின் கதவு திறந்தது. கையில் பிளாஸ்டிக் கவர், முகம் வெண்டைக்காய் நிறம். வாட்டசாட்டமான ஆள். இறங்கி ரெண்டு எட்டு வைத்தார், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கால் நிற்காத விருந்தாளி! எங்களுக்குத்தான் பயிற்சி இருக்கிறதே. விடுதியின் சக்கர நாற்காலியை முத்தான் உருட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"எனக்கு வேண்டாமுங்க, நான் நடந்து..." என்று அவர் சொல்வதற்குள் தூக்கி உட்கார வைத்தாயிற்று. சமையல்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். நான் கம்பளி போர்த்தினேன். முத்தான் ஷூவைக் கழற்றினான். மேனேஜர் குடை பிடித்தார். சாய்தளத்தில் ஏற்றிக்கொண்டே நாலு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டோம், வாந்தி வருதுங்களா, இஞ்சி போட்டு டீ தரட்டுங்களா, ஜன்னலைத் திறக்கட்டுங்களா, மூடட்டுங்களா, தலையை அமுக்கிவிடட்டுங்களா. பக்கத்து அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போட்ட பிறகும் விடவில்லை. அவர் எழப் பார்த்தார், படுக்க வைத்தோம். பாத்ரூம் போகணும் என்றார், கூடவே ரெண்டு பேர் போய்க் கதவுக்கு வெளியே நின்றோம்.

"ஆச்சுங்களா?" என்றேன் நான்.

"இன்னும் இல்லீங்களா?" என்றான் முத்தான்.

கதவு படாரென்று திறந்தது. "யோவ்! என்னையச் சித்த நேரம் தனியா உடுங்கய்யா! கூப்பிட்டா வாங்க, கூப்பிடலீன்னா போங்க! மனுசன் நிம்மதியா ஒரு..."

நிறுத்திவிட்டார். அறை வாசலில் அம்மணி வண்டியில் இருந்தார், மடியில் கட்டிய பெட்டி.

"அரை மணி நேரம் தானுங்கண்ணா உங்களுக்கு" என்றார். "எனக்கு முப்பத்தெட்டு வருசம்."

சண்முகம் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். மறுபடி வாந்தி வருகிறதோ என்று நினைத்தேன். இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின நாள் அம்மணி சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் அடுத்தவர் பட்டு.

"சிராய்ப்பு எரியுதாடா கண்ணு?" என்று கேட்டார் சண்முகம்.

"இல்லீங்கண்ணா."

"பொட்டிய எறக்கி வை. நாளைக்குத்தானே ரூம் முடியுது? எனக்கும் இன்னைக்கு அந்த ரோட்டுல எறங்கற தெம்பு இல்ல."

மாலை நாலு மணிக்கு அம்மணி மறுபடியும் பள்ளத்தாக்கு முனைக்குக் கிளம்பினார். நாங்கள் யாரும் போகவில்லை. போகாமல் இருப்பது அப்படியொரு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. பாய்லருக்கு விறகு மூட்டை தூக்கியிருக்கிறேன், சீசனில் மூன்று நாள் தூங்காமல் நின்றிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை. முத்தான் தன் கை மேலேயே உட்கார்ந்துகொண்டான். மேனேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சண்முகம் கட்டிலில் படுத்தபடி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்தார், பார்த்தார், வைத்தார். போன் மட்டும் போடவில்லை. அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பனி இறங்கியது. ஐந்து மணி, ஐந்தரை, ஆறு. ஆறே காலுக்கு விளக்கு வெளிச்சத்தில் வண்டி வந்தது. தானே உருட்டிக்கொண்டு, சாய்தளத்தில் ஏறி, தலைமுடியெல்லாம் ஈரமாக.

"என்னங்க அம்மணி பாத்தீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணுமே பாக்கலீங்கண்ணா. நாலு மணிக்கே பனி மூடீருச்சு. எங்கைகூட எனக்குத் தெரியல." முகம் அப்படிப் பூரித்திருந்தது. "நொம்ப நல்லா இருந்துச்சு."

மறுநாள் ரெண்டு பேரும் ஒரே காரில் இறங்கினார்கள். முன் சீட்டில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து தங்கை அவர் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டு போனதாகப் பிறகு எங்கள் டிரைவர் சொன்னான். பத்தொம்போது ஆச்சு, ஒண்ணுதான் பாக்கி, கண்ணத் தொறந்துறாதீங்க என்று.

அதன் பிறகு ஒரு வருடம் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. விட்டிருக்க மாட்டார், வீட்டோடு வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தத் தை மாதம் என் காப்பியைக் குவார்ட்டர்ஸ் கூரைத் தகரத்தின் மேல் காயப்போட்டேன், பாதியைக் குரங்கு கொண்டுபோனது. நான் ரிட்டையர் ஆவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது ரிசப்ஷனுக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, ஈரோட்டுல இருந்து சண்முகம் பேசறனுங்க. எந்தங்கச்சிக்கு ரூம் வேணுமுங்க, கீழ் ரூமு. நாலு நாளு."

"ஆகட்டுமுங்க சார்! ரெண்டு பேருன்னு போட்டுக்கட்டுங்களா?"

"ஒருத்தருன்னு போடுங்க."

"ஏனுங்க, நீங்க வரலீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நானும் வர்றேன்னு கேட்டுப் பாத்தனுங்க. கூட்டீட்டுப் போக மாட்டேங்கறாளுங்க."